யாரால் ஒரு வருஷம் உட்கார முடியும்?

2022 ஜூலை 17. ஆவடியில் நீட் எழுதிவிட்டு வந்த என் மாணவியைக் கூட்டிக்கொண்டு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். வில்லிவாக்கம் தாண்டும்வரை அவள் பேசவில்லை. பெரம்பூர் வரும்போதுதான் சொன்னாள்: "52 கேள்வி தொடவே இல்ல மிஸ்."

வருத்தம் இருந்தது, ஆனால் தப்பு செய்த முகமாக இல்லை. தெரியாததைத் தொடக்கூடாது, தொட்டால் இருக்கிற மார்க்கும் போய்விடும் என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். சொன்னவர்களில் நானும் ஒருத்தி. தவறான விடைக்கு மார்க் கழிப்பார்கள் என்பதுதான் இந்தத் தேர்வைப் பற்றி எங்கள் பிள்ளைகள் முதலில் கேள்விப்படுகிற சங்கதி. அந்தப் பயத்தோடுதான் பேனாவைத் திறக்கிறார்கள்.

மறுநாள் இரவு கேள்வித்தாளை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். கணக்கு இதுதான். ஒரு கேள்விக்கு நான்கு விடைகள். சரியென்றால் 4 மார்க், தவறென்றால் 1 கழியும். ஒன்றுமே தெரியாமல் குருட்டாம்போக்கில் நான்கு கேள்விக்குக் குறித்தால், சராசரியாக ஒன்று சரியாகும். அதற்கு 4 வரும், மற்ற மூன்றுக்கு 3 போகும், 1 மிஞ்சும். அதாவது கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் நஷ்டமில்லை. நான்கில் இரண்டு விடை நிச்சயம் தவறு என்று தெரிந்து, மீதி இரண்டில் ஒன்றைக் குறித்தால் கேள்விக்குச் சராசரி ஒன்றரை மார்க் கிடைக்கும். அந்த 52 கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். 30 கேள்விகளில் அவளே இரண்டு விடைகளைத் தள்ளிக் காட்டினாள். "இது வராது மிஸ், இதுவும் வராது, மிச்சம் ரெண்டுல எதுன்னு தெரியல, அதான் விட்டுட்டேன்." முப்பது ஒன்றரை நாற்பத்தைந்து. அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் அந்த வருடம் அவளுக்கு இடம் கிடைக்க அதைவிடக் குறைவாகத்தான் தேவைப்பட்டது.

அண்ணா நகர் கோச்சிங் சென்டர்களில் பணம் கட்டிப் படிக்கிற பிள்ளைகளுக்கு இதை ஆரம்பத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். எதை முதலில் எடுப்பது, எதில் நேரம் போனால் விட்டு நகர்வது, எப்போது துணிந்து குறிப்பது என்று வாராவாரம் மாதிரித் தேர்வு வைத்துப் பழக்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் அந்த 45 மார்க்கில் உயிரியல் எவ்வளவு, வேதியியல் எவ்வளவு என்று கேட்டால், ஒன்றுமே இல்லை. அவளுக்குத் தெரிந்த பாடம் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

நான் இந்த விஷயத்தில் ஒட்டாமல் நின்று பேசக்கூடியவள் இல்லை. அதனால் என் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

பிறந்து வளர்ந்தது கொருக்குப்பேட்டை. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அம்மா வாசலில் இட்லி சுட்டு விற்றாள். 1996ல் பிளஸ் டூ முடித்தேன். அப்போது தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு இருந்தது. 1984ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்தது அது. பிளஸ் டூ மார்க்குக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக மொத்தம் 300க்குத்தான் எஞ்சினியரிங் கவுன்சிலிங். என் 200ல் 189 இருந்தது. எங்கள் பள்ளியில் அது பெரிய மார்க். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். நுழைவுத் தேர்வுக்குப் படிக்க மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் அப்பா ஒரு கைடு வாங்கி வந்தார். பாதிக் கேள்விகளுக்கு அதில் யாரோ பென்சிலால் விடை குறித்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் நான் படித்தேன். அந்த விடைகளில் பல தவறு என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. நூற்றுக்கு 41 வாங்கினேன்.

அப்போதும் மறுவருடம் உட்கார்ந்து படித்து எழுதுகிறவர்கள் இருந்தார்கள். இம்ப்ரூவ்மென்ட் எழுதி மார்க்கை ஏற்றிக்கொண்டவர்களும் இருந்தார்கள். அடுத்த வருஷம் எழுதிப் பாரேன் என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. அப்படி ஒரு வழி இருப்பதை நினைத்துப் பார்க்கிற வீடு இல்லை அது. பிராட்வே பாரதி பெண்கள் கல்லூரியில் கணிதம் சேர்ந்தேன்.

நான்கு வருடம் கழித்து வங்கித் தேர்வு எழுதித் தேறினேன். இன்றைக்கு நான் சாப்பிடுகிற சாப்பாடு அந்தத் தேர்வு போட்டது. சிபாரிசுக் கடிதம் வேண்டியிருக்கவில்லை, எந்தக் குடும்பம் என்று யாரும் விசாரிக்கவில்லை. விடைத்தாளில் ஒரு எண், அவ்வளவுதான். அதனால் தேர்வு என்றாலே ஏழைக்கு எதிரி என்று யாராவது மேடையில் பேசினால் என்னால் கை தட்ட முடிவதில்லை. தேர்வு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதும் நமக்குத் தெரியாத கதையில்லை. 1970ல் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை பற்றிய பெரியகருப்பன் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அன்றைக்கு நேர்முகத் தேர்வுக்கு மட்டும் 75 மார்க். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் பார்த்துப் போடுகிற மார்க் அது. நீதிமன்றம் அந்த முறையைக் கண்டித்தது. 75 மார்க் நேர்முகத்துக்கு கொருக்குப்பேட்டையிலிருந்து நான் போயிருந்தால், என் செருப்பையும் ஆங்கிலத்தையும் பார்த்தே முடிவு செய்திருப்பார்கள். தாளில் எழுதுகிற தேர்வு எங்களுக்குச் செய்த நன்மையை நான் மறுக்க மாட்டேன்.

2006ல் சட்டம் போட்டு, 2007 சேர்க்கையிலிருந்து நுழைவுத் தேர்வை நீக்கினார்கள். பத்து வருடம் பிளஸ் டூ மார்க் மட்டும்தான். அந்தப் பத்து வருடமும் பொற்காலம் என்று சொல்கிறவர்களோடும் நான் ஒத்துப்போகவில்லை. நாமக்கல் பக்கத்துப் பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமல் இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தார்கள். பிராய்லர் பள்ளி என்று ஊரே பெயர் வைத்தது. அந்த விடுதிக் கட்டணம் எங்கள் தெருவில் யாராலும் கட்ட முடிந்ததில்லை. அரசுப் பள்ளியில் படித்து எம்.பி.பி.எஸ். போனவர்கள் அப்போதும் நூற்றுக்கு ஓரிருவர்தான். இதைச் சொன்னால் நண்பர்களுக்குக் கோபம் வருகிறது. ஆனால் அதை மறைத்துவிட்டு நீட்டை எதிர்த்தால் நம் வாதத்துக்குத்தான் பலவீனம்.

சரி, அப்புறம் நீட் வந்தது. 2013ல் ஒரு முறை நடத்தி, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, 2016ல் அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்று, 2017லிருந்து தமிழ்நாட்டுக்கும் கட்டாயமானது. அந்த வருடம்தான் அரியலூர் மாவட்டத்து அனிதா. 1200க்கு 1176. பழைய முறையில் கட்-ஆஃப் 200க்கு 196.75. நீட்டில் 720க்கு 86. உச்ச நீதிமன்றம் வரை போய்ப் போராடினாள். செப்டம்பர் 1ஆம் தேதி நம்மை விட்டுப் போனாள். அன்றைக்கு வங்கியில் கவுன்டரில் உட்கார்ந்திருந்தேன். செய்தி வந்த பிறகு வேலை ஓடவில்லை. 1176 வாங்கிய பிள்ளைக்குப் படிப்பு வராது என்று ஒரு தேர்வு சொன்னால், அந்தத் தேர்வு எதை அளக்கிறது என்ற கேள்வி அன்றைக்கு எனக்குள் விழுந்தது. அதற்கு முன்பே வியாசர்பாடியில் ஒரு இரவுப் பாடசாலையில் கணக்கு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து பிளஸ் டூ பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பாடசாலை ஒரு படிப்பகத்தின் மாடியில் இருக்கிறது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், இரண்டு ட்யூப் லைட். மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வர மாட்டார்கள். வியாசர்பாடியில் இப்படி இரவுப் பாடசாலைகள் நிறைய உண்டு. படித்து முன்னுக்கு வந்தவர்கள் திரும்பி வந்து சொல்லிக் கொடுப்பது இங்கே பழக்கமாகவே ஆகிவிட்டது. கால்பந்தையும் கேரமையும் பற்றிப் பத்திரிகைக்காரர்கள் எழுதுகிறார்கள். இந்த மாடிகளைப் பற்றி அவ்வளவாக எழுதுவதில்லை.

52 கேள்வியை விட்டவளுக்கு வருகிறேன். மாநகராட்சிப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்தவள். அப்பா இல்லை. அம்மா காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுக்கிறார். அண்ணன் ஒருவன், கன்டெய்னர் யார்டில் லோடு வேலை. அவள் பிளஸ் ஒன் படித்த 2020-21ஆம் வருடம் பெரும்பாலும் பள்ளியே திறக்கவில்லை. வீட்டில் இருந்த ஒரே போன் அண்ணனோடு வேலைக்குப் போய்விடும். கல்வித் தொலைக்காட்சியில் பார்த்ததுதான் பாடம். அவர்களுக்கு பிளஸ் ஒன் பொதுத் தேர்வு நடக்காமலே எல்லாரும் பாஸ். பிளஸ் டூவில் பாடத்தைக் குறைத்துத் தேர்வு வைத்தார்கள். நீட்டில் பாடம் குறையவில்லை. இரண்டு வருடப் பாடமும் முழுசாக உண்டு. அவள் விட்ட 52ல் 35 கேள்விகள் பிளஸ் ஒன் பாடம். எண்ணிப் பார்த்தோம்.

ரிசல்ட் வந்த அன்று அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா பேசவில்லை. எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. நர்சிங்குக்குப் போட்டுவிடலாமா என்று கேட்கலாம் என்றுதான் போனேன். அதற்குள் அண்ணன் சொன்னான்: "ஒரு வருஷம்தானேக்கா. நான் லோடு அடிக்கிறேன், அது உக்காந்து படிக்கட்டும்."

அந்தப் பையனுக்கு அப்போது 22 வயது. கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. தள்ளிப் போட்டான்.

இந்தத் தேர்வைப் பற்றி இத்தனை வருடத்தில் நான் புரிந்துகொண்டது அவன் வாயில் வந்த அந்த வாக்கியம்தான். நீட் எதை அளக்கிறது? பாடத்தை அளக்கிறது, மறுக்கவில்லை. வேகத்தை அளக்கிறது, அவள் எழுதியபோது 180 கேள்விக்கு மூன்று மணி நேரம் சொச்சம்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலாக, யாரால் ஒரு வருஷம் சம்பாதிக்காமல் உட்கார முடியும் என்பதை அளக்கிறது. நீட்டின் பாதிப்பை ஆராயத் தமிழ்நாட்டு அரசு அமைத்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021ல் கொடுத்த அறிக்கையில் பல எண்கள் இருக்கின்றன. என்னை உலுக்கியது ஒன்றுதான். நீட்டுக்கு முன் 2016-17ல் தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் பள்ளி முடித்து ஒரு வருடமாவது இடைவெளி விட்டு வந்தவர்கள் 12.47 சதவீதம். 2020-21ல் அது 71.42 சதவீதம். நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் ஒரு வருடமோ இரண்டு வருடமோ வீட்டில் உட்கார்ந்து படித்துவிட்டு வந்தவர்கள். முதல் தடவையே எழுதி உள்ளே போவது என்பது அபூர்வமாகிவிட்டது. அப்படியானால் அந்த ஒரு வருடம் இந்தத் தேர்வின் கட்டணம். விண்ணப்பத்துக்குக் கட்டுகிற ஆயிரமும் ஆயிரத்து எழுநூறும் கட்டணம் இல்லை. அந்த வருடம்தான் கட்டணம், கூடவே கோச்சிங் பணம். எங்கள் பகுதியில் பதினேழு வயதுப் பிள்ளை ஒரு வருடம் வீட்டில் இருந்தால் ஒரு சம்பளம் குறையும். பெண் பிள்ளையாக இருந்தால் அதோடு சொந்தக்காரர்கள் வந்து போக ஆரம்பிப்பார்கள்.

தரத்துக்காகத்தான் இந்தத் தேர்வு என்பவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். 2022ல் பொதுப் பிரிவில் நீட் தகுதி மதிப்பெண் 720க்கு 117. நூற்றுக்குப் பதினாறு மார்க். அந்த 117ஐத் தாண்டிய ஒருவர் கையில் பணம் இருந்தால் தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கு முயற்சி செய்யலாம். அதைப் போல மூன்று மடங்கு வாங்கியும் அரசு இடம் கிடைக்காத, பணமில்லாத பிள்ளைக்கு வழியில்லை. 2023ல் முதுநிலை நீட்டுக்கு, இடங்கள் காலியாகக் கிடக்கின்றன என்பதால், எழுதிய எல்லாருமே தகுதி என்கிற அளவுக்குத் தகுதி பெர்சென்டைலைப் பூஜ்யத்துக்கே இறக்கினார்கள். தரம் காக்கிற வாசல் பணத்துக்கு மட்டும் இவ்வளவு தாழக் குனியுமா? 2024ல் 67 பேர் 720க்கு 720 என்று ரிசல்ட் வந்ததும், 1563 பேருக்குக் கருணை மதிப்பெண் போட்டு எடுத்ததும், வினாத்தாள் வெளியானதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதில் நான் நேரத்தைச் செலவிடப் போவதில்லை. ஒரு பேப்பர்கூட வெளியாகாமல் சுத்தமாக நடந்திருந்தாலும் அந்த ஒரு வருஷக் கணக்கு மாறியிருக்காது.

அவளுக்கு அந்த ஒரு வருடம் கிடைத்தது. காலையில் படிப்பகம், மாலையில் எங்கள் மாடி. வாரம் ஒரு முழு மாதிரித் தேர்வு வைத்தோம். முதல் மாதம் முழுக்க நான் அவளுக்குப் பாடம் சொல்லவே இல்லை. குறிக்கப் பழக்கினேன். இரண்டைத் தள்ளு, ஒன்றைக் குறி, நகரு. பழைய பயத்தை உடைப்பதற்கே அவ்வளவு நாள் பிடித்தது.

2023ல் அவளோடு அதே தெருவிலிருந்து ஒரு பையனும் எழுதினான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவன் முதல் தடவை. படிப்பில் அவளைவிடக் கெட்டி. இயற்பியலில் நான் தடுமாறிய இடத்தில் அவன் எனக்குச் சொல்லித் தந்திருக்கிறான். ரிசல்ட் வந்தபோது அவளைவிட 21 மார்க் கூட வாங்கியிருந்தான். அவளுக்குத் தெற்கே ஒரு மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அவனுக்கு எங்கேயும் கிடைக்கவில்லை.

காரணம் ஆறாம் வகுப்பில் இருந்தது. 2020ல் கொண்டுவந்த 7.5 சதவீத ஒதுக்கீடு, ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. மாநகராட்சிப் பள்ளி அதில் சேரும். அரசு உதவி பெறும் பள்ளி சேராது. அவன் படித்தது உதவி பெறும் பள்ளி. வட சென்னையில் இந்தப் பள்ளிகள் நிறைய. நூறு வருடத்துக்கு முன்பே மிஷனரிகளும் உள்ளூர் தர்மவான்களும் தொடங்கியவை. அங்கே படிப்பவர்களும் லோடுமேன் பிள்ளைகள், வீட்டு வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். இரண்டு தெரு தள்ளி இருக்கிற பள்ளியில் கொஞ்சம் இங்கிலீஷ் நன்றாகச் சொல்லித் தருவார்கள் என்று அவன் அம்மா அங்கே சேர்த்தார். நல்லது என்று நினைத்துச் செய்தார். கவுன்சிலிங் முடிந்த மறுநாள் மாடிக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். "எம் புள்ள தலையில நானே மண்ணள்ளிப் போட்டேனே மிஸ்" என்று ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய அம்மா இனிப்பு வாங்கிவைத்துக்கொண்டு, யாருக்கும் கொடுக்காமல், ராத்திரி வரை வைத்திருந்தார்.

7.5 ஒதுக்கீட்டை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். அது வந்த முதல் வருடமே நானூறு பேர் உள்ளே போனார்கள். கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொண்டது. மீன் வெட்டுகிறவர் மகள் வெள்ளைக் கோட்டு போட்டிருக்கிறாள் என்றால் அதனால்தான். அந்த ஒதுக்கீடு சொல்வது ஒரு எளிய உண்மை: ஒரு மார்க் எந்த இடத்திலிருந்து வாங்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இயற்பியலுக்கு வாத்தியாரே இல்லாமல் ஏழு மாதம் ஓடிய வகுப்பில் உட்கார்ந்து வாங்கிய மார்க்கும், ஏ.சி. அறையில் வாராவாரம் பழகி வாங்கிய மார்க்கும் எண்ணில் ஒன்றாக இருக்கலாம், உழைப்பில் ஒன்றில்லை. ஆனால் அந்த இடத்தைப் பள்ளியின் பெயர்ப் பலகையை மட்டும் வைத்துத் தீர்மானித்தால் அந்தப் பையனைப் போன்றவர்கள் விழுந்துவிடுகிறார்கள். உதவி பெறும் பள்ளியில் படிக்கிற ஏழைப் பிள்ளைகளையும் குடும்ப வருமானம் பார்த்து உள்ளே சேர்க்க வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் பங்கைக் குறைக்காமல், தனியாக ஒரு பங்கு ஒதுக்கிச் செய்யலாம். இதை நான் பார்க்கிற எல்லாரிடமும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் இருக்கிற என் கல்லூரித் தோழியிடம் இதைப் பற்றிப் பேசும்போது அவள் வேறு ஒரு கதை சொன்னாள். அங்கே எஸ்.ஏ.டி. என்று ஒரு தேர்வு, 1926லிருந்து நடக்கிறது. கொரோனா சமயத்தில் பல கல்லூரிகள் அதைக் கட்டாயமில்லை என்றாக்கின. 2022ல் எம்.ஐ.டி. மறுபடி கட்டாயமாக்கியது. 2024ல் டார்ட்மவுத், ஹார்வர்டு. எம்.ஐ.டி. சொன்ன காரணம் என்னை ஒரு வாரம் யோசிக்க வைத்தது. தேர்வு மார்க்கை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது கட்டுரை, சிபாரிசுக் கடிதம், பாட்டு நடனம் விளையாட்டு என்று இன்னும் அதிகமாகப் பணம் தின்கிற விஷயங்கள். நல்ல பள்ளி கிடைக்காத பிள்ளை தன் திறமையைக் காட்ட அந்த மார்க் ஒன்றுதான் வழி என்றார்கள். அதில் உண்மை இருக்கிறது. நான் வங்கிக்குள் போன வழியும் அதுதானே. ஆனால் அதே நாட்டில் ராஜ் செட்டி போன்ற பொருளாதார அறிஞர்கள் 2023ல் காட்டிய எண்ணையும் பார்க்க வேண்டும். மேல்தட்டு ஒரு சதவீதக் குடும்பத்துப் பிள்ளைகள் 1600க்கு 1300க்கு மேல் வாங்குவது, ஏழை வீட்டுப் பிள்ளைகளைப் போல 13 மடங்கு.

அங்கே அந்தத் தேர்வை ஒரு வருடத்துக்குள்ளேயே சில தடவை எழுதலாம், நல்ல மார்க்கைக் காட்டலாம். பள்ளியில் படிக்கும்போதே எழுதிவிடுவதால் வீட்டில் உட்கார வேண்டியதில்லை. டார்ட்மவுத் போன்ற இடங்களில் அந்த மார்க்கை, அந்தப் பிள்ளை படித்த பள்ளியின் மற்ற மார்க்குகளோடு வைத்துப் பார்க்கிறார்கள். நம் ஊரில் வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு ரயில் நின்றாலும், காய்ச்சல் வந்தாலும், மாதவிலக்கு வந்தாலும், அடுத்த ஞாயிறு ஒரு வருடம் கழித்துத்தான். 2018ல் நம் பிள்ளைகளில் பலரை எர்ணாகுளத்துக்கும் ராஜஸ்தானுக்கும் போய் எழுதச் சொன்னார்கள். அதே வருடம் தமிழ்க் கேள்வித்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு நடந்தது. உயர் நீதிமன்றம் 196 மார்க் தரச் சொன்னது, உச்ச நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை.

சட்டமன்றம் 2021லும் 2022லும் நீட் விலக்கு மசோதாவை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் தரவில்லை என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அறிவித்தார். விலக்கு கிடைத்தால் முதலில் சந்தோஷப்படுகிறவள் நான். ஆனால் அதுவரை என் மாடியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளிடம் என்ன சொல்வது? நீட் இருந்தாலும் மாற்ற முடிகிறவை இருக்கின்றன. அந்தத் தேர்வைத் தகுதி பார்க்க மட்டும் வைத்துக்கொண்டு, தரவரிசைக்கு பிளஸ் டூ மார்க்கையும் படித்த சூழலையும் சேர்க்கலாம். வருடத்துக்கு இரண்டு முறையாவது நடத்தலாம், எஞ்சினியரிங்குக்கான ஜே.இ.இ. முதன்மைத் தேர்வு இப்போது அப்படித்தான் நடக்கிறது. முதல் தடவை நூலிழையில் தவறவிட்ட அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு வருடத்துக்கு மாதாமாதம் ஒரு தொகை கொடுத்து உட்கார வைக்கலாம். அண்ணன் லோடு அடித்தால்தான் தங்கை படிக்கலாம் என்ற நிலை வேண்டாம்.

எங்கள் பகுதியில் பாதிப் பேர் பிறந்தது ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில். பெரிய நோய் என்றால் ஸ்டான்லி. பழைய ஆட்கள் இன்னும் அதைக் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். 1782ல் பஞ்சத்தில் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. பக்கத்திலேயே மருத்துவக் கல்லூரி. அதன் மதில் ஓரமாக நடந்துதான் நான் கல்லூரிக்கு பஸ் பிடித்தேன். அந்த மதிலுக்கு உள்ளே நோயாளியாக எங்கள் தெருவிலிருந்து போகாத வீடு கிடையாது. மாணவராக நான் அறிய யாரும் போனதில்லை. உள்ளே போகிற பிள்ளைக்கு இந்தத் தெருக்களின் பேச்சு தெரிந்திருந்தால் என்ன ஆகும் என்று அவள் போன விடுமுறைக்கு வந்தபோது சொன்னாள். வார்டில் ஒரு பாட்டி, 'மாரு அடைக்குது' என்றதை உடன் படிக்கிற பையன் ஒருவன் மூச்சுத் திணறல் என்று எழுதப் போனானாம். இவள் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்திருக்கிறாள். இடது கைக்கு வலி இறங்குகிறதாம், அதை யாரும் கேட்கவில்லையாம். இப்போது மூன்றாம் ஆண்டு. முதல் வருடம் அனாட்டமியில் தவித்தாள், இங்கிலீஷ் புத்தகம் பயமுறுத்தியது. அப்புறம் பிடித்துக்கொண்டாள். நீட்டில் அவளைவிட நூறு இருநூறு மார்க் கூட வாங்கியவர்களோடு ஒரே தாளை எழுதித் தேறியிருக்கிறாள். அண்ணனுக்குப் போன தை மாதம் கல்யாணம் ஆனது.

அந்தப் பையன் வியாசர்பாடி அம்பேத்கர் கலைக் கல்லூரியில் வேதியியல் சேர்ந்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வண்டியில் சாப்பாடு டெலிவரி. அவன் அப்பாவுக்கு ஒரு கால் சரியில்லை, தங்கச்சி படிக்கிறது. ஒரு வருடம் உட்காருகிறேன் என்று அவன் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அம்மா எப்படியாவது உட்கார வைத்திருப்பார் என்று அவனுக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

போன வாரம் மாடிக்கு வந்தான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பிள்ளைகள் போட்டுக்கொண்டிருந்த இயற்பியல் கணக்கைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தான். கிளம்பும்போது கேட்டான்: "நீட்டுக்கு வயசு லிமிட் இருக்கா மிஸ்?"

மேல் வரம்பு இப்போது இல்லை என்றேன்.

ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே நின்றான். "தங்கச்சி பிளஸ் டூ முடிக்க இன்னும் ஒன்றரை வருஷம். வண்டி லோன் பதினாலு மாசம். அம்மா கட்ற சீட்டு அடுத்த ஆடியோட முடியுது" என்று விரல் விட்டு எண்ணினான். எண்ணி முடிப்பதற்குள் போன் அடித்தது. பெரவள்ளூரில் ஒரு ஆர்டர். இறங்கிப் போனான்.